சிலுவையில் சொட்டிய தண்ணீர், சுனாமியில் நின்ற பேராலயம்: நாத்திகர்களும் கிறிஸ்தவர்களும் எதில்தான் முரண்படுகிறார்கள்?

சங்கரன்கோவில் தலபுராணமே ஒரு வாக்குவாதத்தில்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவருக்குச் சிவன்தான் பெரியவர், இன்னொருவருக்குத் திருமால்தான் பெரியவர். பஞ்சாயத்து அம்பாளிடம் போகிறது. கோமதி அம்மன் தவமிருக்க, ஒரு பாதி சிவனாகவும் மறு பாதி திருமாலாகவும் சங்கரநாராயணர் காட்சி தருகிறார். ஊரே திரளும் ஆடித்தபசு திருவிழா இந்தக் கதையின் நினைவாகத்தான் நடக்கிறது.

‘எந்தக் கடவுள் பெரியவர்?’ என்ற சண்டைக்கு இப்படி ஒரு அழகான சமரசம் உண்டு. ஆனால், ‘கடவுளே கிடையாதுங்க’ என்று ஒருவர் எழுந்து சொன்னால்? பாதிக் கடவுள் இருக்கிறார், மீதிப் பாதி இல்லை என்று யாரும் தீர்ப்பு சொல்லிவிட முடியாது.

தமிழ்நாட்டில் நாத்திகம் என்றதும் நினைவுக்கு வருவது பெரியார், பிள்ளையார் சிலை, கோயில் வாசல் பெயர்ப்பலகை. ‘இவங்க இந்துக்களை மட்டும்தானே கேள்வி கேட்பாங்க?’ என்ற கேள்வியும் கூடவே வரும். உண்மையில் நாத்திகர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையிலான விவாதம் இங்கே சுமார் 150 வருடப் பழசு. சமயத்தில் அது காவல் நிலையம் வரைக்கும் போயிருக்கிறது. ஒருவர் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியும் வந்திருக்கிறது.

மும்பையில் என்ன நடந்தது?

2012 மார்ச். மும்பை வில்லே பார்லே பகுதியில் உள்ள இர்லாவில் வேளாங்கண்ணி மாதா பெயரில் ஒரு தேவாலயம் இருக்கிறது. அங்கிருந்த சிலுவையில், இயேசுவின் காலடியில் இருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. கூட்டம் கூடிவிட்டது. சிலர் அந்தத் தண்ணீரைப் புனித நீராகப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு தொலைக்காட்சி சேனல், இந்தியப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவர் சனல் இடமருகுவை அங்கே வரவழைத்தது. அவர் சிலுவையைப் பார்த்தார், சுவரைத் தொட்டுப் பார்த்தார், பின்பக்கம் போய்க் கழிவுநீர் போகும் வழியையும் பார்த்தார். பக்கத்தில் இருந்த கழிவறையின் வடிகால் அடைத்திருந்தது. தேங்கிய தண்ணீர் சுவரில் ஊறி, நுண்துளைகள் வழியாக மேலே ஏறி, சிலுவை வழியாகச் சொட்டுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே ‘நுண்புழை ஏற்றம்’தான்; பள்ளி இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிற விஷயம்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு பிளம்பர் பிரச்சினையாகப் போயிருக்கும். அன்றிரவு தொலைக்காட்சி விவாதத்தில் சூடு ஏறியது. திருச்சபை அறிவியலுக்கு எதிரானது, பணத்துக்காக அற்புதங்களை உருவாக்குகிறது என்ற அளவுக்கு சனல் போனார். தேவாலயத் தரப்போ, இதை அற்புதம் என்று தாங்கள் அறிவிக்கவே இல்லை, அப்படியிருக்கத் திருச்சபை மீது பழி போடுவது என்ன நியாயம் என்று கேட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார். இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவின் கீழ் புகார்கள் பதிவாயின. சில மாதங்களில் சனல் ஐரோப்பா போனார். பின்லாந்திலேயே தங்கிவிட்டார்.

கவனிக்க வேண்டிய இடம் இது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டை, திருச்சபையைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளில்தான்.

அப்போ அற்புதம்னு யார் முடிவு பண்றது?

கத்தோலிக்கத் திருச்சபையில் அற்புதம் என்பது கூட்டம் கூடினால் கிடைக்கிற பட்டம் இல்லை. அதற்கென்று நடைமுறை இருக்கிறது. 2024 மே மாதம் வாட்டிகன் புதிய விதிமுறைகளையே வெளியிட்டது. அதன்படி, காட்சி தெரிந்தது, சிலை அழுதது போன்ற செய்திகள் வந்தால், ‘இது இயற்கைக்கு அப்பாற்பட்டது’ என்று திருச்சபை பொதுவாக அறிவிக்கப் போவதில்லை. பக்திக்குத் தடை இல்லை என்று சொல்வதே அதிகபட்சம். நம்பாதவர்கள் கேட்கிற எச்சரிக்கையில் பாதியை வாட்டிகனே எழுத்தில் போட்டுவிட்டது என்றும் இதைப் படிக்கலாம்.

அடுத்த சில மாதங்களிலேயே இது தமிழ்நாட்டையும் தொட்டது. 2024 ஆகஸ்டில், வேளாங்கண்ணி திருத்தலத்தின் ஆன்மிகச் சிறப்பைப் பாராட்டி வாட்டிகனின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தஞ்சாவூர் ஆயருக்குக் கடிதம் எழுதியது. கிறிஸ்தவர் அல்லாத பக்தர்களும் அங்கே ஆறுதல் தேடி வருவதை அந்தக் கடிதம் மதித்துக் குறிப்பிட்டது.

புனிதர் பட்டத்துக்கு மட்டும் அற்புதம் கட்டாயம் நிரூபிக்கப்பட வேண்டும். தென் மாவட்டங்களுக்கு நெருக்கமான உதாரணம் தேவசகாயம் பிள்ளை. நட்டாலத்தில் பிறந்து, 1745-ல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்று, 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே 15-ம் தேதி புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு ஏற்கப்பட்ட அற்புதம், 2013-ல் வயிற்றில் இதயத்துடிப்பு நின்றுவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு சிசு, அவரிடம் வேண்டிக்கொண்ட பிறகு உயிர் பிழைத்தது என்பது. மருத்துவ ஆவணங்களைப் பார்த்து, விளக்கம் இல்லை என்று நிபுணர்கள் சொன்ன பிறகே இந்தப் படி தாண்டப்படுகிறது.

‘விளக்கம் இல்லை’ என்ற இந்தச் சொல்லில்தான் இரண்டு தரப்பும் பிரிகிறது. நம்புகிறவருக்கு அது கடவுளின் கையெழுத்து. நம்பாதவருக்கு, இன்றைக்கு விளக்கம் தெரியவில்லை என்பது விளக்கமே கிடையாது என்பதாகாது. கருவி தவறாகக் காட்டியிருக்கலாம், மருத்துவர் தவறாகக் கணித்திருக்கலாம். ஆயிரம் பேர் வேண்டி ஒருவருக்குப் பலித்தால் அந்த ஒன்றுதான் செய்தியாகும், மீதி 999 பேரின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கேள்வி.

வேளாங்கண்ணியில் அந்த ஞாயிற்றுக்கிழமை

அற்புதம் பற்றிய வாதத்தை விட ஆழமான வாதம் ஒன்று உண்டு. அது துன்பம் பற்றியது. அதற்குத் தமிழ்நாட்டில் புத்தக உதாரணம் தேவையில்லை.

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக்காக வந்திருந்த பக்தர்களால் வேளாங்கண்ணி நிறைந்திருந்தது. காலையில் கடல் உள்ளே வந்தது. கடற்கரையிலும் கடைவீதியிலும் இருந்த நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் முழுக்க இறந்தவர்கள் ஆறாயிரத்துக்கும் மேல். ஆனால் பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஒரே சம்பவம். ‘மாதா காப்பாத்திட்டாங்க’ என்று ஒரு தரப்பு இன்றும் கண்கலங்கச் சொல்கிறது. ‘அப்போ வெளியே நின்னவங்க? அவங்களும் அவரைப் பார்க்கத்தானே வந்தாங்க?’ என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. பேராலயம் கடற்கரையை விடச் சற்று மேட்டில் இருக்கிறது என்ற விளக்கமும் உண்டு.

இது வறட்டு வாதம் இல்லை. சாமி கும்பிட வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த எவருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். எல்லாம் வல்ல, எல்லாம் அறிந்த, அன்பே உருவான கடவுள் என்று மூன்றையும் ஒன்றாகச் சொல்கிறபோதுதான் சிக்கல் வருகிறது. மூன்றில் ஒன்றை விட்டுவிட்டால் கேள்வி கரைந்துவிடும். கர்ம வினை என்று சொல்கிற மரபில் இதற்கு வேறொரு பதில் உண்டு, சரியோ தவறோ. பாவத்தையும் நோயையும் நேர்க்கோட்டில் முடிச்சுப் போடுவதை மறுக்கும் கிறிஸ்தவத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அதனால்தான் நாத்திகர்களின் இந்தக் கேள்வி கிறிஸ்தவத்தை மற்ற மதங்களை விடக் கூடுதலாகவே உரசுகிறது.

இதே போல ஒன்று ஐரோப்பாவிலும் நடந்தது. 1755 நவம்பர் 1-ம் தேதி, சகல புனிதர்கள் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் தேவாலயங்கள் நிறைந்திருந்த காலை நேரத்தில் நிலநடுக்கம், பிறகு சுனாமி, பிறகு தீ. ‘எல்லாம் நன்மைக்கே’ என்று அதுவரை சொல்லிவந்த தத்துவத்தை வோல்டேர் அதற்குப் பிறகுதான் கிழித்துத் தொங்கவிட்டார். இத்தனைக்கும் வோல்டேர் நாத்திகர் இல்லை, படைத்தவர் ஒருவர் உண்டு என்று ஏற்றவர்தான்.

கிறிஸ்தவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள்? ஒரே பதில் இல்லை. மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறார், தீமை அதன் விளைவு என்பது ஒன்று. கொலைக்கும் போருக்கும் இது பொருந்தும், அலைக்குப் பொருந்தாது. இயற்கை தன் விதிப்படி இயங்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உலகமே இருக்காது என்பது இன்னொன்று. பைபிளில் யோபு என்ற நல்ல மனிதர் எல்லாவற்றையும் இழந்து ‘ஏன்?’ என்று கேட்கிறார், நேரடியான காரணம் அவருக்குச் சொல்லப்படுவதே இல்லை. பல கிறிஸ்தவர்கள் கடைசியில் வந்து நிற்பது சிலுவையில்தான். துன்பத்தை விளக்குகிற கடவுளை விட, துன்பத்தில் கூடவே கிடந்த கடவுள் என்பது அவர்கள் பிடிமானம். நாத்திகருக்கு இது பதிலாகத் தெரியாது, ஆறுதலாகத் தெரியலாம். நம்புகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை.

பாதிரியார் வீட்டுப் பிள்ளைகள்

இந்த விவாதத்தில் சுவாரசியமான விஷயம், கிறிஸ்தவத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர்களில் பலர் வெளியாட்கள் இல்லை.

இலங்கையின் பிரபலப் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், கேரளத் திருவல்லாவில் மார் தோமா சபைப் பாதிரியாரின் மகன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அங்கே அவரிடம் பைபிள் பாடத்தையும் கொடுத்தார்கள். மாணவர்கள் தேர்வில் பிரமாதமாக மதிப்பெண் வாங்கினார்கள். அடுத்த வருடம் அந்தப் பாடம் அவருக்குத் தரப்படவில்லை. பிள்ளைகள் பாடத்தில் தேறிவிட்டார்கள், நம்பிக்கையில் தோற்றுவிட்டார்கள் என்று கல்லூரி முதல்வரான பாதிரியார் காரணம் சொன்னதாக ஒரு கதை உண்டு. பிற்பாடு, மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று கோவூர் சவால் விட்டார். 1978-ல் அவர் இறக்கும்வரை யாரும் அதை வெல்லவில்லை. 1973-ல் வந்த ‘மறுபிறவி’ தமிழ்ப் படத்துக்குப் பின்னால் இருப்பது கோவூரின் மனநல வழக்குக் குறிப்பு ஒன்றுதான் என்பது இன்று பலருக்கும் தெரியாது.

சனல் இடமருகுவின் தந்தை ஜோசப் இடமருகுவும் கேரளக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து நாத்திகரானவர். இன்னும் பின்னால் போனால், பிரான்ஸில் ஒரு கிராமப் பங்குத்தந்தை ழான் மெஸ்லியே. வாழ்நாள் முழுக்கப் பூசை செய்துவிட்டு, 1729-ல் இறந்தபோது, தான் எதையும் நம்பவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்துவிட்டுப் போனார். அது ‘ஜீன் மெஸ்லியரின் மரண சாசனம்’ என்று தமிழில் வந்து, சுயமரியாதை இயக்கத் தோழர்கள் கையில் புழங்கியது.

எதிர்த் திசையிலும் ஒரு பயணம் உண்டு. அன்னி பெசன்ட் ஆங்கிலிக்கன் பாதிரியாரின் மனைவி. நம்பிக்கை இழந்து வெளியேறி, இங்கிலாந்தின் பெரிய நாத்திகப் பேச்சாளர் ஆனார். அவருடைய கொள்கைகளைக் காரணம் காட்டி 1878-ல் நீதிமன்றம் அவர் மகளையே அவரிடமிருந்து பிரித்தது. ஆனால் 1893 நவம்பரில் தூத்துக்குடி துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அவர் நாத்திகர் இல்லை, பிரம்மஞான சபைக்காரர். பழைய தோழர்களுக்கு அது பெரிய அடி.

அந்தப் பழைய தோழர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. 1878-ல் தொடங்கிய சென்னை இலௌகிக சங்கம், பெரியாருக்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே நாத்திகம் பேசியது. 1880-களில் தமிழில் ‘தத்துவவிவேசினி’, ஆங்கிலத்தில் ‘தி திங்கர்’ என்று இரண்டு பத்திரிகைகள். இந்து ஆசாரங்களைச் சாடிய அதே பக்கங்களில் பாதிரிமார்களின் பிரச்சாரத்தையும் பைபிளின் முரண்பாடுகளையும் கேள்வி கேட்டார்கள். மறந்தே போயிருந்த இந்த எழுத்துகளைப் பேராசிரியர் வீ. அரசு தேடித் தொகுத்து, 2012-ல் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் வழியாக ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பின்னாளில் பெர்ட்ரண்ட் ரஸல் 1927-ல் லண்டனில் ஆற்றிய ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல’ உரையைக் குத்தூசி குருசாமி தமிழாக்கினார். ஆக, ‘இந்துக்களை மட்டும்தான்’ என்பது வரலாற்றில் நிற்காத குற்றச்சாட்டு. இன்றைய மேடைகளில் எந்த விகிதத்தில் பேசுகிறார்கள் என்பது வேறு விவாதம், அதில் அந்தக் கேள்விக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

295ஏ பிரிவு வந்தது 1927-ல். லாகூரில் இஸ்லாம் தொடர்பாக வெளியான ஒரு நூல் வழக்கில் பதிப்பாளர் விடுதலையாக, எழுந்த கொந்தளிப்பைத் தணிக்க ஆங்கிலேய அரசு கொண்டுவந்தது. 1957-ல் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. ஆனால், எல்லா அவமதிப்பும் குற்றமில்லை, வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்ததுதான் குற்றம் என்றும் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் இதே சட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-வது பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை.

இரண்டு சொற்கள் முக்கியம்: ‘தீய நோக்கம்’. அதை நிரூபிப்பது அரசுத் தரப்புக்குக் கஷ்டம், அதனால் தண்டனை அரிது. ஆனால் வாரன்ட் இல்லாமலே கைது செய்ய முடியும் என்பதால் வழக்கு போட்டதுமே வேலை முடிந்துவிடுகிறது. காவல் நிலையம், ஜாமீன், வாய்தா என்று அலைவதே தண்டனை.

இதே பிரிவு கிறிஸ்தவர் மீதும் பாய்ந்திருக்கிறது. 2021-ல் கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் பேசிய பேச்சுக்காக ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் கைதானார். சங்கரன்கோவில் உட்பட தென் மாவட்டங்களுக்கான உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, 2022 ஜனவரியில் அந்த வழக்கில் சில பிரிவுகளை ரத்து செய்தது, 295ஏ உள்ளிட்ட வேறு சில பிரிவுகளை விடவில்லை. அதற்குச் சொன்ன காரணம்தான் சுவாரசியம். ஒரு பகுத்தறிவாளரோ சீர்திருத்தவாதியோ கலைஞரோ மதத்தைக் கடுமையாக விமர்சித்தால் அதைக் கருத்துச் சுதந்திரக் கண்ணால் பார்க்க வேண்டும். மதம் மாற்ற முனைகிற பிரசங்கியார் அதே சலுகையைக் கேட்க முடியாது, ஏனென்றால் அவர் நடுநிலையான விமர்சகர் இல்லை என்றது நீதிமன்றம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிற அரசியல் சட்டப் பிரிவு 51ஏ(எச்)-ஐயும் சுட்டிக்காட்டியது.

நாத்திகர்களுக்கு இது சாதகமான வாதம் போலத் தெரியும். கொஞ்சம் யோசித்தால் நெருடும். தன் நம்பிக்கையைப் பரப்ப விரும்புகிறவர் பிரசங்கியார் மட்டும்தானா? நாத்திகரும் மேடை போட்டு, புத்தகம் போட்டு, ஆள் சேர்க்கத்தானே செய்கிறார்? ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் சொன்னால், சொன்னவர் யார் என்பதை வைத்துக் குற்றம் மாறலாமா என்பதற்கு அந்தத் தீர்ப்பில் முழுப் பதில் இல்லை. மதுரையில் நீதிமன்றம் சொன்ன பாதுகாப்பு, மும்பைப் புகார்களுக்கு முன்னால் சனலுக்குக் கிடைக்கவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும்.

எத்தனை பேர் இருக்காங்க?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 44,18,331 பேர், அதாவது 6.12 சதவீதம். நாத்திகர் என்று பதிவானவர்கள் நாடு முழுக்கச் சேர்த்தே சுமார் 33,000 பேர்தான். இது உண்மையான எண்ணிக்கை என்று நம்புவது கடினம். வீட்டுப் பெரியவர் கணக்கெடுப்பாளரிடம் குடும்பத்துக்கே ஒரு மதத்தைச் சொல்லிவிடுவார், உள்ளே இருக்கும் பையனோ பெண்ணோ என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் இது இன்னும் இறுக்கம். திருமுழுக்கு, திருமணம், கல்லறை என எல்லாமே சபைப் பதிவேட்டோடு பிணைந்தது. ‘எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று சொல்கிற மகளுக்கு முதலில் எழும் கேள்வி கடவுளைப் பற்றியதாக இருக்காது, கல்யாணத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதாகத்தான் இருக்கும். 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, ஆனால் 30 நாள் முன்னறிவிப்பு நோட்டீஸ் என்ற தாழ்ப்பாளோடு.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதில் மட்டும் பிரச்சினை எப்போதோ தீர்ந்துவிட்டது. சினிமாவில் வருகிற மாதிரி புத்தகத்தின் மேல் கை வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1873-ம் ஆண்டின் சட்டமே, சத்தியம் செய்ய ஆட்சேபம் உள்ளவர் அதற்குப் பதில் உறுதிமொழி கூறலாம் என்றது. இப்போது நடைமுறையில் இருக்கும் 1969-ம் ஆண்டுச் சத்தியப்பிரமாணச் சட்டத்தின் 5-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. கடவுள் பெயரால் சத்தியம் செய்த கிறிஸ்தவருக்கும் மனசாட்சிப்படி உறுதி கூறிய நாத்திகருக்கும் பொய் சொன்னால் தண்டனை ஒன்றுதான்.